படகுத்துறைக்கு ஒரு நல்ல தண்ணீர்க் குழாய்

பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூடக் கிடையாது. திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் தடா பக்கமும் அப்படித்தான். மணல்திட்டு வந்தால் படகின் இன்ஜினைச் சட்டென்று தூக்கியாக வேண்டும்.

போன மாதம் என் பழைய மோட்டாரைத் தூக்கப் பார்த்தால் அசையவே இல்லை. சுத்தியலை எடுத்த பையனைத் தடுத்தேன். அலுமினியத் தாங்கி உடைந்துவிடும். மோட்டார் சாய்ந்து எழும் தண்டின் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவைத்தோம். காலையில் மேலும் கீழுமாக விரலளவு விரலளவாக ஆட்டினோம். இளகியது. அப்புறம் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, பழுப்புக் குழம்பு போய்ப் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அழுத்தினேன்.

இதெல்லாம் உப்பைக் கழுவாததால் வந்த வினை. குடிக்கவே குடம் சுமக்கும் ஊரில் இன்ஜின் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? மோட்டாருக்கு மானியம் தரும் அரசு, ஒவ்வொரு படகுத்துறைக்கும் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் போட்டுத் தர வேண்டும்.