பொன்வண்டும் ஞாயிறு பள்ளியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் விதைக்கிறவன் உவமையைச் சொல்லிக் கொடுத்தேன். ஏ.சி. ஹால், புரொஜக்டர், திரையில் ஒரு கார்ட்டூன் விவசாயி. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், பாறையில முளைக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? ஏன் அங்க போட்டாரு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையால் விதை வீசுவதை அவன் பார்த்ததே இல்லை, வேறென்ன கேட்பான்?

எனக்கு அந்த உவமையை யாரும் விளக்கியதில்லை. மேலூர் பக்கம், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊர். 1895-இல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்ததால் நாங்கள் சோறு தின்றோம் என்பார் அப்பா. அவர் உபதேசியார். விதை வீசும்போது வரப்பில் நாலு, பாதையில் நாலு விழத்தான் செய்யும். மைனா இறங்கும். அதை விரட்டுவதுதான் எங்கள் விளையாட்டு. நுங்குக் கூந்தலில் வண்டி செய்து கண்மாய்க்கரை முழுக்க ஓட்டுவோம். முதல் மழை பெய்ததும் வெல்வெட் பூச்சி தேடுவோம். வேதத்தில் மழை என்று வாசித்தால் எனக்கு இன்றும் அந்த மண்வாசனைதான் வரும்.

ஒரு பொன்வண்டு கதை சொல்ல வேண்டும். தீப்பெட்டியில் கருவேல இலை போட்டு ஒன்றை அடைத்து வைத்தேன். முட்டை போடும் என்று ஆசை. சனிக்கிழமை அதை மறந்தே போனேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து திறந்தால் செத்துக் கிடந்தது. பச்சை நிறம் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. அப்பா அடிக்கவில்லை. "அது உன்னுடையது இல்லம்மா, ஆண்டவருடையது" என்றார். மனஸ்தாபம் என்ற வார்த்தை பின்னால்தான் தெரிந்தது. அந்த வலி அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சகரியா 8-ஆம் அதிகாரத்தில், கர்த்தர் மீட்டுத் தரும் எருசலேமின் அடையாளங்களில் ஒன்று வீதிகளில் ஆணும் பெண்ணுமாய்ப் பிள்ளைகள் விளையாடுவது. சந்தைவெளியில் பிள்ளைகள் குழல் ஊதி விளையாடுவதை இயேசுவும் கவனித்திருக்கிறார், மத்தேயு 11-இல் பாருங்கள். நாமோ விளையாட்டைப் பாடத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பது வருஷ வேலையில் எத்தனை பேரை "மண்ணுல கை வைக்காதே" என்று திட்டியிருப்பேன்! சட்டைப் பையில் அணில் குஞ்சோடு வகுப்புக்கு வந்த ஒரு பையனை முட்டி போட வைத்தேன். பசிக்குது டீச்சர், பால் குடுக்கணும் என்று அழுதான். நான் கேட்கவில்லை. அவன் இந்தப் பதிவைப் படித்தால் தெரிந்துகொள்வான். மன்னித்துக்கொள்ளப்பா.

பயம் இல்லாமல் பேசவில்லை. கண்மாயில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் மதுரையைச் சுற்றி உண்டு. அதற்காகக் கண்மாயையே காட்டாமல் வளர்ப்பதா? காட்டுவதற்குத்தான் எத்தனை மிச்சம்? உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் உயர்நீதிமன்றம் நிற்கிறது. தல்லாகுளம் என்ற பெயரில் மட்டும் குளம் இருக்கிறது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. இரண்டே வருஷத்தில் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் என்றார்கள். ஊர் ஊராக ஜனங்கள் தெருவில் இறங்கிய பிறகு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எங்கள் சபை ஜெபக்குறிப்பில் அது ஒரு வாரம்கூட வரவில்லை என்பது என் வருத்தம். காட்டுப்புஷ்பங்களைக் கவனியுங்கள் என்று சொன்னவரின் பிள்ளைகள் நாம்.

இந்த வருஷம் பத்து நாளில் ஒரு சாயங்காலம் மட்டும் பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போகலாமா என்று கமிட்டியில் கேட்டேன். தண்ணீரில் இறங்கக் கூடாது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெற்றோர், ஆறு மணிக்குள் வீடு. "யோசிப்போம் டீச்சர்" என்றார்கள். வேன் வாடகையை நான் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கூட வரக்கூடிய பெற்றோர் கமெண்டில் பெயர் போடுங்கள், பட்டியலோடு போனால் மறுக்க மாட்டார்கள்.

பேரன் அடுத்த வாரம் வருகிறான். நுங்கு கிடைத்துவிடும். வண்டி தள்ள நல்ல கவட்டைக் குச்சிதான் இந்தத் தெருவில் எங்கும் இல்லை. யார் வீட்டிலாவது வேப்பமரம் கழித்தால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.