வல்லாரைச் சம்பலும் பிள்ளையின் கேள்வியும்



அண்மையில் ஒரு சனிக்கிழமை முற்பகல் இல்லச் சந்திப்புக்காக ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். தாய் மதிய உணவுக்காக வல்லாரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். ஐந்தாம் தரத்தில் கற்கும் மகன் அருகே வந்து ஒரு பிடியைக் கையில் எடுத்தான். "தம்பி, இது உன்ர வேலையில்லை. போய்ப் படி" என்றார் தாய். அவன் கீரையை வைத்துவிட்டுப் போனான். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவன் திரும்பிச் சென்ற விதம் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஏனெனில் நானும் அவ்வாறு அனுப்பப்பட்டவனே. அக்காமார் இருந்தபடியால் எங்கள் குசினிக்குள் ஆண்பிள்ளைக்கு வேலை இருக்கவில்லை. குருமடத்திலோ மணி அடித்ததும் உணவு மேசையில் இருந்தது. மெய்யியலும் இறையியலும் கற்றேன். ஒரு சொதி வைக்கக் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அம்மா நோயுற்றிருந்தபோது விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அக்காமார் வெளிநாட்டில். ஒருநாள், வாய்க்கு இதமாகச் சொதியும் சோறும் வேண்டும் என்றார். சாப்பாட்டுக் கடையில் வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு வாய் உண்டு, நன்றாயிருக்கிறது எனக் கூறிக் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்தார். எத்தனை ஆயிரம் வேளை அவர் கையால் உண்டவன் நான்! ஒரு வேளையைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, சமையல் பெண்பிள்ளைகளுக்கே உரியது என ஒதுக்குவதும், படிப்புக்கு இடையூறு எனப் பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே நிறுத்துவதும் தவறு என்றே கருதுகிறேன். முழுச் சமையலும் பழக்க வேண்டியதில்லை. சோற்றுக்குத் துணையாகும் சிறு கறி ஒன்று போதும். அதிலும் அடுப்பு மூட்டத் தேவையற்றவற்றில் தொடங்குங்கள். 2022இல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அவற்றின் அருமை நன்கு தெரியும்.

வல்லாரைச் சம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை பழுத்த இலைகளைப் பொறுக்கி அகற்றிவிட்டு, மண் போகும்வரை மூன்று நான்கு தண்ணீரில் அலசலாம். பத்து வயதுப் பிள்ளை, பெரியவர் அருகில் நிற்க, திருவலையில் தேங்காய் திருவலாம். சிரட்டையை ஒட்டிய கபிலப் பகுதி வருமுன் நிறுத்தும் பக்குவம் ஓரிரு நாளில் கைவந்துவிடும். கீரையை மெல்லியதாக அரிவதும் பச்சைமிளகாயை வெட்டுவதும் உங்கள் பணியாகவே இருக்கட்டும். மிளகாய் பட்ட கை கண்ணுக்குப் போனால் பிள்ளை மறுபடியும் குசினிப் பக்கம் வராது! வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்துப் பிசைவதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். தேசிக்காய்ப் புளியை மட்டும் உண்பதற்குச் சற்று முன் விட வேண்டும். முன்கூட்டியே விட்டால் கீரையின் பச்சை மங்கிப் போகும். வெள்ளரிக்காய்ப் பச்சடி என்றால் உப்பும் கடைசியில்தான். இல்லையேல் காய் நீர் விட்டுவிடும். இவை யாவும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும் வேலைகள். அந்த அரை மணித்தியாலத்தால் எந்தப் பரீட்சையும் தவறிப் போகாது.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாஸ்கா இரவில் ஆட்டிறைச்சியோடு புளிப்பற்ற அப்பமும் கசப்புக் கீரையும் உண்ணுமாறு இஸ்ரயேலருக்குக் கட்டளையிடப்படுகிறது. அதே அதிகாரம் பிள்ளைகளையும் மறக்கவில்லை. இதன் பொருள் என்னவென்று அவர்கள் கேட்கும்போது பெற்றோர் கூறவேண்டிய விடையும் அங்கே தரப்பட்டுள்ளது. யூதக் குடும்பங்களில் இன்றும் பாஸ்கா மேசையில் பிள்ளை கேள்வி கேட்பது வழக்கம். கசப்பைச் சுவைத்த பிள்ளைக்கே அது ஏன் கசக்கிறது என்று கேட்கத் தோன்றும். நம் பிள்ளைகள் எங்களோடு பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை எனப் பெற்றோர் பலர் என்னிடம் வருந்துவதுண்டு. கேள்வி பிறக்கும் இடத்திலிருந்து அவர்களை அனுப்பிவிட்டவர்கள் நாமே அல்லவா? கீரை பொறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை சும்மா இருக்காது. "1995இல இடம்பெயரேக்க அம்மம்மா வழியில என்ன சாப்பிட்டவ?" என்று திடீரெனக் கேட்கும். அப்போது கையிலுள்ள வேலையை நிறுத்தாமலே சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கடினமானவற்றையும் கீரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிடி வல்லாரையை மகனிடமும் கொடுத்துப் பாருங்கள். தந்தையும் அருகில் அமர்ந்து வெங்காயம் உரிக்கலாம். சம்பலில் உப்புக் கூடிவிட்டால் ஒன்றும் சொல்லாமல், இன்னும் ஒரு பிடி தேங்காய்ப்பூவைச் சேர்க்கச் சொல்லுங்கள்.