பட்டிக்காட்டுக் குரலின் வெற்றி

பாடகரிடம் குறை காணப் பல வழிகள் உண்டு. சுருதி சேரவில்லை எனலாம். சாரீரம் போதாது எனலாம். ஆனால், கிராமிய சங்கீதம் பாட வந்தவரைப் பார்த்து, "நீர் மிகவும் கிராமியமாய்ப் பாடுகிறீர்!" என்று குறை சொன்னதைக் கேட்டதுண்டா, நேயர்களே? அமெரிக்காவில் அப்படித்தான் சொன்னார்கள்.

'கண்ட்ரி' என்னும் அந்நாட்டுக் கிராமிய சங்கீதத்துக்குத் தலைநகரம் நாஷ்வில். வட கரோலினாவிலிருந்து அங்கு வந்த ராண்டி டிராவிஸ், ஒரு விடுதியில் சமையல் செய்தும், பாத்திரம் துலக்கியும், இடையிடையே மேடையேறிப் பாடியும் காலந் தள்ளினார். 1980-இல் வெளியான 'அர்பன் கௌபாய்' சினிமாவுக்குப் பின், கிராமியப் பாட்டுக்குப் பட்டணத்து மெருகு பூசுவதே நாகரிகமாயிருந்தது. ஆகவே இசைத்தட்டு முதலாளிகள் ராண்டிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

மெருகு நெடுநாள் நிற்கவில்லை. நாஷ்வில் சங்கீதத்தின் செல்வாக்கு மங்கி வருவதைப் பற்றி 1985-இல் 'நியூயார்க் டைம்ஸ்' விமரிசகர் ராபர்ட் பாமர் எழுதினார். அதே வருஷம் வார்னர் கம்பெனியார் ராண்டியின் 'ஆன் தி அதர் ஹாண்ட்' என்ற பாட்டை வெளியிட்டனர். பிரபலப் பாட்டுகளின் ஜாபிதாவில் அது 67-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்து வந்த '1982' என்ற பாட்டோ 6-ஆம் இடத்தைப் பிடித்தது. உடனே முந்தைய பாட்டை 1986-இல் மறுபடியும் வெளியிட்டார்கள். முதலிடம்! பாட்டில் ஓர் அட்சரமும் மாறவில்லை. பாடகரை ஜனங்கள் அறிந்து கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 'ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்' என்ற முழு இசைத்தட்டு வந்தது. ஆழ்ந்த குரல், அலட்டலில்லாத பாணி, ஸ்டீல் கிதாரின் விம்மல். விமரிசகர்கள் மெச்சினார்கள், லெப்டி பிரிஸெல், ஜார்ஜ் ஜோன்ஸ், மெர்ல் ஹாகார்ட் முதலிய முன்னோர்களை நினைவுகூர்ந்தார்கள். எது குற்றமென்று தள்ளப்பட்டதோ, அதுவே குணமென்று கொண்டாடப்பட்டது.

இது வெறும் பழம் பெருமையா என்றால், அன்று. 'ஆன் தி அதர் ஹாண்ட்' பாட்டை இயற்றிய பால் ஓவர்ஸ்ட்ரீட்டும் டான் ஷ்லிட்ஸும் அக்காலத்து எழுத்தாளர்களே. மணமான ஒருவன் சபலத்துக்கும் கடமைக்கும் நடுவே தவிப்பதுதான் அதன் விஷயம். அந்தத் தவிப்புக்குப் பழசு, புதுசு என்ற பேதம் ஏது? மரபு என்பது முன்னோர் பாடியதைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதன்று. அவர்கள் பாடிய உண்மையோடு நம் காலத்துக் கதையைப் பாடுவது.

அமெரிக்காவில் முப்பது லட்சத்துக்கும் மேல் அந்த இசைத்தட்டு செலாவணியாயிற்று. "ஜனங்களுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்புச் சொல்வோர் எங்கும் உண்டு. தீர்ப்புக்கு முன் ஜனங்களை ஒரு தடவை கேட்க விடுவதுதான் நியாயம்!