ரோடினும் பூஞ்சேரிப் பாறையும்

'ரோடின்' பார்த்தாச்சு. 2017-ல் வந்த பிரெஞ்சுப் படம், இயக்கம் ழாக் துவாயோன். ரோடினாக வின்சென்ட் லிண்டன். மனுஷன் தாடியும் அழுக்கு மேலங்கியுமாகக் களிமண்ணைப் பிசைகிறார், பிசைகிறார், பிசைந்துகொண்டே இருக்கிறார். விறுவிறுப்பு எதிர்பார்த்தால் தூங்கிவிடுவீர்கள் :-) எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. ரோடினின் பளிங்குச் சிலைகளை வெட்டியது யார்?

அவர் களிமண்ணில் உருவம் செய்வார். அதிலிருந்து அளவெடுத்துப் பளிங்கில் செதுக்கியது பெரும்பாலும் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவர்கள். பின்னாளில் பெரிய சிற்பியான பூர்தெல்கூட அப்படி வேலை பார்த்தவர்தான். சிலை விற்பது ரோடின் பெயரில். அதே பட்டறையில் உழைத்த கமீல் குளோடெலுக்காவது 1988-ல் அவர் பெயரிலேயே ஒரு படம் வந்தது (இதைவிட நல்ல படம்). மற்றவர்கள்?

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், நான் கோவளத்துக்காரன். இங்கிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே பஸ் ஏறினால் மாமல்லபுரம். அங்கே தெருவுக்குத் தெரு சிற்பப் பட்டறை. கிரைண்டர் சத்தம், மூக்கில் கட்டிய துண்டு, தலைமுடி வரை கல்தூசி. நான் பார்த்த பட்டறைகளில் பில்லில் கடைப் பெயர் உண்டு, சிலதில் ஸ்தபதி பெயரும் உண்டு. மாதக்கணக்கில் உளி பிடித்தவர் பெயர் எங்கும் இல்லை. படம் வந்த அதே 2017-ல்தான் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஊருக்கு குட்வில் வந்துவிட்டது. செதுக்கியவர் கணக்கில் வரவு வைக்கத்தான் யாரும் இல்லை.

நம் மரபில் சிற்பி பெயர் போடமாட்டான், அது அடக்கம் என்பார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே பூஞ்சேரி இருக்கிறது. அங்கே நொண்டி வீரப்பன் தொட்டி என்கிற பாறையில், பல்லவர் காலத்து எழுத்தில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று வரிசையாகப் பெயர்கள். இங்கே வேலை செய்த கல்தச்சர்களின் பெயர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நடுவில் ஒரு கொல்லன் பெயரும் உண்டு. உளி அடித்துக் கொடுத்தவரோ என்னவோ! அடக்கமாம்.

சாமி சிலையில் வேண்டாம், சரி. ஹோட்டல் வாசல் யானைக்கும் தோட்டத்துச் சிலைக்கும் என்ன தடை? பீடத்துக்கு அடியில் ஒரு பெயர், பில்லில் ஒரு வரி, அவ்வளவுதான். ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "பேரைப் போட்டா அடுத்த ஆர்டர் நேரா அவன்கிட்ட போயிடுமே தம்பி" என்றார்.

அதற்காகத்தான் போடச் சொல்கிறேன்.