ஈரச் சுவருக்குப் பெயின்ட் விற்கலாமா?

சுவருக்குள் போகும் பைப் கசிந்து வீடு நனைந்துவிட்டால் நம்மவர்கள் முதலில் பாஸைக் கூப்பிட்டு பைப்பை மாற்றுவார்கள். அதே கிழமை ஹாட்வெயார் கடைக்கு வந்து பெயின்ட் கேட்பார்கள். முதலாவது சரி. இரண்டாவது வீண் செலவு. அது தெரிந்தும் ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துக் கொடுக்கும் வியாபாரியும் செய்வது சரியல்ல என்பதே எனது அபிப்பிராயம்.

செங்கல்லும் சீமெந்துப் பூச்சும் தண்ணீரைக் குடிக்கும் வேகத்தில் அதை வெளியே விடுவதில்லை. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்களின் பழைய கணக்கு. இரு பக்கமும் நல்ல காற்றுப் பட்டால் சீக்கிரமாகும். மறுபக்கம் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் சுவர் என்றால் ஒரு பக்கத்தால் மாத்திரமே காய வேண்டும். கொழும்பு போன்ற கரையோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் இன்னும் சுணங்கும். மேற்பூச்சு மட்டும் சில நாட்களில் வெளுத்துவிடும். ஆட்கள் ஏமாறுவது அதில்தான். அதன்மேல் எனாமல் அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும், உப்புப் பூக்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

ஆகவே பெயின்ட் கேட்டு வருபவரிடம் கசிவு நின்றுவிட்டதா என்று கேளுங்கள். தாங்கி நிரம்பிய பின் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஓடினால் கசிவு இன்னும் இருக்கிறது. (கழிவு நீர்க் குழாயின் கசிவை மீட்டர் காட்டாது.) அடுத்து, ஓர் அடி பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடட்டும். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் சுவர் காயவில்லை.

அதுவரை அலுமாரிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஃபேனைச் சுவரோரமாக ஓடவிட வேண்டும். வெயில் நாளில் ஜன்னலைத் திறக்கலாம். மழை நாளில் மூடிவிட்டு, ஏசி இருந்தால் போடலாம். பூத்த உப்பைக் கழுவக் கூடாது, உலர்ந்த பிரஷால் தட்ட வேண்டும். சுவிட்ச் பெட்டி நனைந்திருந்தால் மெயினை நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை. மூடிய அறையில் கரிச் சட்டி வைத்துச் சுவர் காயவைக்க நினைப்பவர்களும் உண்டு. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

"நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான்" என்பீர்கள். வாங்கட்டும். ஆறு மாதத்தில் பெயின்ட் உரியும்போது அவன் திட்டப்போவது சுவரையல்ல, விற்ற கடையை. கம்பனியும் சுவரில் ஈரம் இருந்தது என்று கையை விரித்துவிடும். இன்று பொலித்தீனும் பிரஷும் கொடுங்கள், பெயின்ட் பிறகு போகும். இன்றே வேண்டும் என்று அடம்பிடித்தால், "சுவர் காய்ந்த பின் பூசவும்" என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.