ஊசிக்கு அஞ்சும் பிள்ளைகள்

நாய் கடித்த குழந்தையைத் திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ, சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ தூக்கிவரும் பெற்றோருக்கு ஓர் ஊசியுடன் அலைச்சல் முடிவதில்லை. முதல் நாளிலும், பின்னர் 3, 7, 28-ஆம் நாள்களிலும் தடுப்பூசி போட்டாக வேண்டும். காயம் ஆழமானால் காயத்துக்குள்ளேயே மருந்து செலுத்துவர், வலி கடுமையானது. அன்று நாலு பேர் அழுத்திப் பிடிக்க அலறிய பிள்ளை, அடுத்த தவணைக்கு எளிதில் வருமா? தவணை தவறினால் உயிருக்கே ஆபத்து.

தடுப்பூசி போடுகையில் பெற்றோர் குழந்தையை அணைத்திருக்கட்டும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கட்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்தது. மரத்துப்போகச் செய்யும் களிம்புக்கு ஒரு மணி நேரம் தேவை. அவசரத்தில் அது எப்போதும் உதவாது. தாயின் மடிக்குச் செலவேது? ('அடம்பிடித்தால் ஊசிதான்' என மிரட்டும் வீட்டாரும் யோசிக்கட்டும்.) அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதை ஆந்திர அரசு கட்டாயமாக்க வேண்டும்.