நண்டின் மேல் பழி

மகாராட்டிர மாநிலத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூருக்கு மேலே இருந்த சிறிய மண்ணணை 2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி இரவு உடைந்தது. கீழே குடியிருந்தோரில் இருபது பேரளவில் மாண்டனர். அணை கசிகிறதென்று ஊரார் முன்னரே முறையிட்டிருந்தனர். ஆயினும் காரணம் யாதென வினவியபோது, மாநிலத்தின் நீர்ப் பாதுகாப்பு அமைச்சர் தயக்கமின்றி விடை பகர்ந்தார்: நண்டுகள்! அணையில் நண்டுகள் வளை தோண்டிவிட்டனவாம். அப்படியாயின் குற்றவாளிகளைக் கைது செய்யுங்கள் என்று நண்டுகளைக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றோரும் உண்டு.

நகைப்பதற்குரிய கதைதான். ஆனால் நகைக்கும் உரிமை நமக்கு உண்டா என்பதே கேள்வி. நமது மலைநாட்டிலும் ஒரு நண்டு இருக்கிறது. அதன் பெயர் மழை. லயம் இடிந்தால் மழை, பாதை அறுந்தால் மழை, மனிதர் மண்ணுள் புதைந்தால் மழை. ஊவாவில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண்ணுள் மறைந்தது. அன்றும் மழையின் மீதே பழி விழுந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கும் சாவுக்கும் இடையில் கழிந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் மழையா பொறுப்பு?

மலைச்சரிவைப் பற்றியேனும் இன்று சிலர் பேசுகின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பின்னர், பேசாதிருக்க எவராலும் முடியவில்லை. ஒருவரும் பேசாத பொருளொன்று உண்டு. அது தோட்டத்துக் குளம்.

தேயிலைத் தோட்டங்களில் ஓடையை மறித்து மண்ணால் கட்டிய சிறு குளங்களை அன்பர்கள் கண்டிருப்பர். தொழிற்சாலையின் நீர்ச்சக்கரத்தைச் சுழற்ற வெட்டியவை சில. நாற்று மேடைக்கும் குடிநீருக்கும் தேக்கியவை சில. சக்கரம் நின்றது, மின்சாரம் வந்தது, குளம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓர் ஏக்கர் பரப்பில் சராசரி பத்தடி ஆழம் நீர் நின்றால் அதன் நிறை பன்னீராயிரம் தொன்னுக்கு மேல். மலைச் சரிவில் அதனைத் தாங்கி நிற்பது புல் மூடிய ஒரு மண் திட்டு. அதன் அடியில்தான், தட்டையான நிலம் வேறு கிடையாதென்று, லயங்களையும் கட்டினார்கள்.

மண்ணணை திடீரென உடைவதில்லை. உடையப் போவதை அது நாட்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லா மண்ணணையும் சற்றுக் கசியும். கசியும் நீர் தெளிவாயிருக்கும் வரை அச்சமில்லை. நீர் கலங்கினால், அது அணையின் உடலையே துகள் துகளாகச் சுமந்து வருகிறதென்று பொருள். வெளிப்புற அடியில் தொடங்கும் துவாரம் உள்நோக்கி நீண்டு குளத்தைத் தொட்டுவிட்டால் எஞ்சியிருப்பவை சில மணி நேரங்களே. கட்டின்மேல் வளரவிட்ட யூக்கலிப்டஸ் பட்டுப்போனால், உக்கிய வேரின் தடமே நீருக்கு வழியாகும். துருப்பிடித்த துருசுக் குழாயின் ஓரமும் அவ்வாறே. மற்றொரு மரணம் மேலிருந்து வருவது: வான் பாயும் வழியைப் புல்லும் குப்பையும் பழைய உரப்பையும் அடைத்துக்கொள்ள, நீர் கட்டின் முடிமேல் ஏறி, வழிந்து, வெட்டிக்கொண்டே இறங்கும். இவற்றுள் எதைத் தடுப்பதற்குக் கோடி வேண்டும்? ஒரு மண்வெட்டி, ஒரு கத்தி, வாரம் ஒருமுறை நடந்து பார்க்கும் ஒரு மனிதன், அவன் சொல்லைக் கேட்கும் ஓர் அலுவலகம். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கரியது!

'சிறிய குளந்தானே, எதற்கு இத்தனை ஆரவாரம்?' என்பர் சிலர். பெரியது பட்ட பாட்டையும் பார்த்தோம். குளக்கோட்டன் கட்டியதென்று நம்மவரும், அக்கபோதி கட்டியதென்று சிங்கள மக்களும் பெருமை பேசும் கந்தளாய்க் குளத்தின் ஐம்பதடிக் கட்டு 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. வெள்ளம் மேலேறி வழிந்து உடைத்ததன்று அது. உள்ளே அரித்து உடைந்தது. தமிழனையும் சிங்களவனையும் முஸ்லிமையும் வெள்ளம் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த அடிக்குப் பின்னரும், 2008இல் உலக வங்கிக் கடன் வந்த பிறகே, பெரிய அணைகளைப் பரிசோதித்துச் செப்பனிடும் திட்டமொன்று நாட்டில் உருப்பெற்றது. ஏறத்தாழ 350 பெரிய, நடுத்தர அணைகளுக்கே அந்தக் கதி எனில், பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட சிற்றணைகளின் கதி என்ன?

சமவெளியின் சிறு குளத்துக்காவது ஒரு முகவரி உண்டு. எண்பது ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விவசாயிகளுக்கு ஓர் அமைப்பும் கூட்டமும் உண்டு. கட்டுக் கசிந்தால் கமக்காரன் கூட்டத்தில் எழுந்து சத்தமிடலாம். காசல்ரீயிலும் மவுசாகலையிலும் மின்சாரத்துக்காக நீரைத் தேக்கியவர்கள் பொறியியலாளரையும் அளவுகோலையும் வைத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கோ வயலுமில்லை, ஆகவே விவசாயியுமல்லன். நிலத்தை 1972இலும் 1975இலும் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிருவாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. பிரதேச சபையோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க இயலாதென்று முப்பது ஆண்டுகள் ஒதுங்கி நின்றது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சாட்டு ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை.

இதில் கசப்பான ஒரு முரண் உண்டு. தோட்டத்து மக்களின் முன்னோர் எங்கிருந்து வந்தனர்? புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை என்னும் ஏரி நாட்டிலிருந்து. மடையையும் கலிங்கையும் அறிந்தவர்கள். குடிமராமத்தில் கூடை சுமந்தவர்கள். நீர்க்கட்டி என்றொரு மனிதனுக்கு ஊர்ப்பொதுவில் நெல் அளந்தவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த அவர்கள் கடந்து வந்ததும் தூர்ந்த குளங்களின் நாட்டைத்தான். இராசகாரியத்தை 1832இல் ஒழித்த வெள்ளை ஆட்சி, ஊர்க்குளத்தைப் பேணுவதற்கு மாற்றொழுங்கு எதனையும் உடன் செய்யவில்லை. கட்டாய ஊழியம் ஒழிந்ததை நாம் வரவேற்கிறோம். குளத்தை அநாதையாக்கியதை அல்ல. குளம் காக்கத் தெரிந்த மக்களைக் கொணர்ந்து கூலியெனப் பெயரிட்டார்கள். அவர்கள் தலைக்குமேலே குளத்தையும் கட்டினார்கள். அதைப் பற்றிப் பேசும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. 1948இல் குடியுரிமையே பறிபோனவனுக்குக் குளக்கட்டைப் பற்றிய உரிமை எங்கிருந்து வரும்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில், பஃபலோ ஓடைப் பள்ளத்தாக்கில், நிலக்கரிக் கம்பனியொன்று சுரங்கக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை 1972 பெப்ரவரி 26இல் உடைந்து 125 பேர் மாண்டனர். மாண்டவர்கள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள். கம்பனி அதனைக் 'கடவுளின் செயல்' என்றது! ஒருவர் நண்டு என்றார், ஒருவர் கடவுள் என்றார். கணக்கேட்டில் தம் பெயர் எழுதப்படாதிருந்தால் இருவருக்கும் போதும்.

நம்மவர் செய்வது என்ன? தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்குப் போராடுகின்றன, போராடத்தான் வேண்டும். ஆனால் சம்பளம் வாங்கும் உயிர் எந்தக் கட்டின் கீழ் உறங்குகிறதென்று எந்தப் பேரத்திலும் கேட்டதாக நான் அறியேன். எழுத்தாளராகிய நாமோ மூடுபனியையும் கொழுந்துக் கூடையையும் கண்ணீரையும் விட்டு இன்னும் இறங்கி வரவில்லை. துருசைப் பற்றி எழுதினால் இலக்கியம் ஆகாதோ?

கேட்க வேண்டியவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. தோட்டந்தோறும் உள்ள குளங்களை எண்ணிப் பதிவு செய்க. ஒவ்வொரு கட்டிலும் பொறுப்பாளி இன்னாரென்று பலகை நாட்டுக. பேணுவதைக் குத்தகையின் நிபந்தனையாக்குக. நீர்க்கட்டி வேலைக்குப் பெயர் பதிந்து சம்பளம் தருக. மழை மிகுந்த இரவில் துருசைத் திறக்கவும் மக்களை வெளியேற்றவும் அதிகாரம், கீழே குடியிருப்போர் தெரிந்தெடுக்கும் குழுவிடம் இருக்கட்டும். துரை பங்களாவின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மண்ணணை காத்திருப்பதில்லை.

ஹட்டனுக்கு அண்மையில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு மேலும் அத்தகைய குளமொன்று உண்டு. அதன் கீழே மூன்று லயங்கள். சென்ற ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய், கொழுந்தெடுக்கும் பெண், பெற்றார் கூட்டத்தின் முடிவில் என்னிடம் வந்தார். "சேர், கட்டுக்கு அடியில ஊறுற தண்ணி முன்னெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். இப்ப மழைக்குப் பொறகு தேத்தண்ணி மாதிரி வருதுங்க" என்றார். பொறியியல் நூல் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தோட்ட அலுவலகத்துக்கு எழுதினோம்: பழைய குளம், இப்போது பயன்பாட்டில் இல்லை என்று பதில் வந்தது. அரச அலுவலகமொன்றுக்கு எழுதினோம்: தோட்ட எல்லைக்குள் இருப்பதால் தமக்குரியதன்று என்றார்கள்.

அதன்பின் பத்தாம் வகுப்பு மாணவர் திங்கள்தோறும் சென்று, ஒரு போத்தல் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று குறித்துக்கொண்டு, அந்தப் போத்தலைத் திகதி ஒட்டி விஞ்ஞான அறை அலுமாரியில் வைக்கிறார்கள். பதின்மூன்று போத்தல்கள் சேர்ந்துள்ளன. முதலாவது நிரம்ப நாற்பது விநாடி ஆயிற்று. கடைசிப் போத்தலுக்கு இருபத்தாறு. கடைசி இரண்டின் அடியிலும் ஒரு விரற்கடை மண் படிந்திருக்கிறது.